மாதிரித் தாளும் மடிப் பணமும்

 

நோன்பு மாதம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் அடுப்புக்கு அடுத்தபடியாக ஓய்வின்றி உழைப்பது தையல் யந்திரமே. பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு, வாப்பாவுக்குத் தொப்பி, பெண்களுக்குத் தொழுகை ஆடை, வீட்டுக்குத் திரைச்சீலை, தலையணை உறை என்று வேலை வரிசையாக நிற்கும். இவற்றைக் கடையில் வாங்குவதா, வீட்டில் தைப்பதா என்பது ஒரு கேள்வி. வீட்டிலேயே தைக்கத் துணிந்தவர்களுக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்களே மாதிரித் தாள்கள், அவற்றைப் பணம் கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனமா, வீண் செலவா?

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் காலை வேளைகளில் நாசி லெமாக்கும் குவேயும் விற்று, வெள்ளி வெள்ளியாகச் சேர்த்தவர். மகளின் நிக்காஹ் அன்று தாம் உடுத்துவதற்காக 4 மீட்டர் நல்ல துணி வாங்கினார். நீண்ட மேலாடை ஒன்றின் மாதிரித் தாளையும் கூடவே வாங்கினார். ஆயத்த உடுப்புக் கடையில் அவர் வாங்கி வந்தது 10ஆம் எண் உடுப்பு. ஆகவே தாளிலும் 10ஆம் எண் கோட்டின்மேல் கத்தரிக்கோலை ஓட்டிவிட்டார். தைத்து முடித்து உடுத்திப் பார்த்தபோது மார்பு இறுகிப் பிடித்தது. கையைத் தூக்கினாலோ பக்கத் தையல் பிரிந்தது. "லாத்தா, தாள் விற்கிறவன் என்னை ஏமாற்றிவிட்டான்!" என்று கண் கலங்கினார். பக்கத்தில் இருந்த வேறொரு சகோதரி, "தாள் இல்லாமல் வெட்டியிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும்" என்றார்.

இருவர் சொன்னதிலும் பாதிதான் சரி. தாளை அடியோடு வெறுப்பதும் தவறு. தாளை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. நேர்கோட்டால் ஆன ஆடைக்கு அளவு நாடாவே போதும். வளைவால் ஆன ஆடைக்குத் தாள் கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் உலகத்தில் எந்தத் தாளும் உங்கள் உடலை அளந்து செய்யப்பட்டதன்று. இந்த மூன்றையும் விளக்குவதே இம்மாதப் பாடம்.

கைவேலையின் மதிப்பு

தையல் வேலை சில்லறை வேலை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோலைப் பதனிட்டுத் தைத்து, அதில் கிடைத்ததை ஏழைகளுக்குத் தர்மம் செய்தவர்கள். இந்த உத்தமர்கள் செய்த வேலையை அற்பமென்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அதே வேளையில் வீண் விரயத்தையும் நம் மார்க்கம் கண்டிக்கிறது. துணியைப் பாழாக்குவதும் விரயம். உபயோகிக்காத தாள்களை வாங்கி அலமாரியில் அடுக்குவதும் விரயம். ஆகவே எதற்குச் செலவிடுவது, எதற்குச் செலவிடாதிருப்பது என்று அறிந்துகொள்வதும் தையற்கலையின் ஒரு பகுதியே ஆகும்.

மாதிரித் தாள் வந்த வரலாறு

பழங்காலத்தில் தையல் மாதிரி என்பது தையற்காரரின் கையிலும் மனத்திலுமே இருந்தது. பின்னர் மேல்நாட்டு மாதர் பத்திரிகைகள் ஆடைகளின் வரைபடத்தை வெளியிட்டன. ஆனால் அவை சிறிய படங்கள்; ஒரே அளவில்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கித் தம் உடலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது வாங்கியவரின் பாடு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்னும் ஊரில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். அவர் 1863ஆம் ஆண்டில், ஒரே ஆடைக்குப் பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அந்தத் தாள்களில் எழுத்து அச்சிடப்பட்டிருக்கவில்லை. துளைகளும் வெட்டுக்குறிகளுமே இருந்தன. 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்த தையற்காரரான ஜேம்ஸ் மெக்கால் நியூயார்க்கில் தம் தாள்களை விற்றார். 1927இல் சிம்ப்ளிசிட்டி என்னும் நிறுவனம் தோன்றியது. ஜெர்மனியின் ஓஃபன்பர்க் நகரைச் சேர்ந்த ஆன்னே புர்டா என்ற பெண்மணி 1950இல் ஒரு தையற் பத்திரிகையைத் தொடங்கினார். 1952 முதல் அதனோடு மாதிரித் தாள்களும் சேர்ந்து வந்தன. போருக்குப் பின் கையில் பணம் குறைந்த பெண்களும் நன்றாக உடுத்த வேண்டும் என்ற நோக்கத்துக்கு அது பெரிதும் உதவிற்று.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தாள்கள் யாவும் அந்நாட்டுப் பெண்களின் உடற்கட்டையும் அவர்கள் உடுத்தும் ஆடைகளையும் கருதிப் பிறந்தவை. நம் ஆடைகளில் பாதிக்கு மேல் வேறு வழியில் பிறந்தவை. நெசவாளன் தறியிலிருந்து இறக்கிய நீள்சதுரத் துணியை, முடிந்தவரை வெட்டாமல் உடுத்துவதே நம் பழக்கம். கைலியும் தாவணியும் மக்கனாவும் அப்படிப்பட்டவையே.

தாள் வேண்டாத ஆடைகள்

பாஜு கூரோங்கை எடுத்துக்கொள்வோம். நம் பெண்கள் மலாய்ச் சகோதரிகளிடமிருந்து ஏற்று, நம் உடையாகவே ஆக்கிக்கொண்ட ஆடை அது. அதன் பழைய முறை வெட்டில் கழுத்தைத் தவிர மற்றவை பெரும்பாலும் நேர்கோடுகளே. உடல் பகுதிக்கு ஒரு நீண்ட துண்டு. அது தோளில் மடிந்து முன்னும் பின்னும் தொங்கும். ஆகவே தோள் தையல் இல்லை. கைகளுக்கு இரண்டு துண்டுகள். இரு பக்கங்களிலும் அகலம் கொடுக்க நான்கு பெசாக் துண்டுகள். அவை மேலே குறுகிக் கீழே விரிந்திருக்கும். அக்குளில் கை தூக்க இடம் தருவதற்கு இரண்டு சிறிய சதுரத் துண்டுகள். அவற்றைக் கெக்கெக் என்பார்கள்.

இதன் கணக்கைப் பாருங்கள். ஒருவரின் இடுப்புக்குக் கீழே, உடல் மிக அகன்ற இடத்தில் சுற்றளவு 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாக நடக்கவும் உட்காரவும் 8 அங்குலம் கூட்டினால் 48. உடல் துண்டின் அகலம் 16 அங்குலமானால், முன்னும் பின்னுமாக 32 ஆயிற்று. மீதி 16 அங்குலத்தை நான்கு பெசாக்குகளுக்கும் பங்கிட்டால், அந்த இடத்தில் ஒவ்வொன்றும் 4 அங்குலம். தையலுக்கு விடும் இடத்தைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இதற்கு ஒரு தாளும் தேவையில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். உடல் பருத்தாலும் இளைத்தாலும் பெசாக்கின் அகலத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பாட்டிமார்கள் தாளில்லாமல் தைத்ததன் இரகசியம் இதுவே.

கைலி மூட்டுவதற்கும், இடுப்பில் நாடா கோத்த பாவாடைக்கும், தொழுகை ஆடையின் கீழ்ப்பகுதிக்கும், திரைச்சீலைக்கும், தலையணை உறைக்கும், முசல்லா விரிப்புக்கும் இதே விதிதான். இவற்றுக்கு மாதிரித் தாள் வாங்குவது, வீட்டுக் கிணறு நிறைந்திருக்கத் தண்ணீரை விலைக்கு வாங்குவது போலாகும்.

தாள் வாங்கத் தக்க ஆடைகள்

நேர்கோட்டை விட்டு வளைவுக்கு வந்தால் நிலைமை மாறும். உடலோடு ஒட்டி நிற்கும் சட்டையின் கைக்குழியைப் பாருங்கள். முன்பக்க வளைவு ஒருவிதம், பின்பக்க வளைவு வேறுவிதம். அதில் பொருத்த வேண்டிய கையின் முகடு, கைக்குழியின் சுற்றளவைவிடச் சற்று நீளமாக இருக்கும். அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் உள்ளடக்கித் தைத்தால்தான் தோளில் கை அழகாக விழும். எவ்வளவு மிச்சம், எந்த இடத்தில் மிச்சம் என்பதை அனுபவசாலி ஒருவர் பலமுறை வெட்டிப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். அவ்வாறே நின்ற கழுத்துப்பட்டை, கோட்டின் மடிப்புப்பட்டை, காற்சட்டையின் நடுத்தையல் வளைவு ஆகியவையும். காற்சட்டையில் இந்த வளைவு அரை அங்குலம் தவறினாலும் உட்கார முடியாமற் போகும்.

இவற்றுக்கு நாம் கொடுக்கும் பணம் காகிதத்தின் விலையன்று. அந்த வளைவைக் கண்டுபிடித்தவரின் கூலி. அதைக் கொடுப்பதில் நஷ்டமில்லை. பிள்ளையின் பள்ளிக்கூட மேற்சட்டையோ, மகனின் காற்சட்டையோ, மாப்பிள்ளைக் கோட்டோ முதன்முதலாகத் தைப்பவர் தாள் வாங்கியே தைக்கட்டும். தைத்த பின் அவருக்கு ஓர் ஆடை மட்டுமன்றி ஒரு பாடமும் கிடைத்திருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று நைந்துபோயிருந்தால், அதைக் குப்பையில் போடாதீர்கள். தையலைப் பிரித்து, துண்டுகளை இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளின்மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள். உங்கள் உடலையே அளந்து செய்த மாதிரி அது; விலையும் இல்லை.

தாளைப் படிக்கும் முறை

தாள் வாங்கியவர்களில் பலர் நஷ்டப்படுவது தாளின் குற்றத்தால் அன்று, அதைப் படிக்காத குற்றத்தால். கீழ்க்காணும் ஆறு விஷயங்களை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, எண். அமெரிக்கத் தாள்களின் எண்ணும் ஆயத்த உடுப்பின் எண்ணும் ஒன்றல்ல. அத்தாள்களின் பழைய பொதுக் கணக்குப்படி மார்பு 32½ அங்குலமானால் 10ஆம் எண். 34 ஆனால் 12. 36 ஆனால் 14. 38 ஆனால் 16. புர்டா தாள்களின் கணக்கு வேறு. அங்கே 92 செண்டிமீட்டர் மார்புக்கு 40ஆம் எண். நம் சகோதரியின் மார்பளவு 36 அங்குலம். அவர் வெட்ட வேண்டியது 14; வெட்டியதோ 10. ஆகவே எண்ணைப் பாராமல் உறையின் பின்புறத்திலுள்ள அளவுப் பட்டியலைப் பாருங்கள்; நாடாவால் உடலை அளந்து, அதனோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, தையலுக்கு விடும் இடம். உறையில் வரும் அமெரிக்கத் தாள்களில் பெரும்பாலும் ⅝ அங்குலம், அதாவது சுமார் 1½ செண்டிமீட்டர், கோட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். புர்டா பத்திரிகைத் தாள்களிலோ பொதுவாக அது சேர்ந்திராது. நாமே கூட்டி வெட்ட வேண்டும். இதை அறியாமல் வெட்டினால் ஆடை எல்லாப் பக்கங்களிலும் சிறுத்துவிடும்.

மூன்றாவது, அம்புக்குறி. தாளில் நீண்ட அம்புக்குறி ஒன்று போட்டிருப்பார்கள். அது துணியின் பாவு நூலுக்கு, அதாவது கரைக்கு இணையாக நிற்க வேண்டும் என்பது பொருள். நம்மில் பலருடைய முன்னோர் கடையநல்லூர் போன்ற நெசவூர்களிலிருந்து வந்தவர்கள். பாவும் ஊடையும் அவர்களுக்கு விளக்க வேண்டியவையல்ல. துணி மிச்சமாகும் என்று துண்டைச் சாய்த்து வைத்து வெட்டினால், நாலு முறை துவைத்ததும் ஆடை காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். ஓரத்திலுள்ள வெட்டுக்குறிகளையும் கவனியுங்கள். கையிலும் கைக்குழியிலும் ஒற்றைக் குறி முன்பக்கம், இரட்டைக் குறி பின்பக்கம் என்பது வழக்கம்.

நான்காவது, அச்சு. இப்போது தாள்கள் கணினி வழியே வருகின்றன. வீட்டிலேயே அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அச்சுப் பொறி சில வேளைகளில் பக்கத்துக்கு அடங்கும்படி படத்தைத் தானே சுருக்கிவிடும். ஆகவே நூற்றுக்கு நூறு அளவில் அச்சிடும்படி அமைத்து, சோதனைச் சதுரம் உள்ள முதல் பக்கத்தை மட்டும் அச்சிட்டு, அந்தச் சதுரத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் மட்டுமே மற்றப் பக்கங்களை அச்சிடுங்கள்.

ஐந்தாவது, துவைத்தல். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். 4 மீட்டர் துணி நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும் 12 செண்டிமீட்டர் போய்விடும். அது வெட்டுவதற்கு முன் போகட்டும். தைத்த பின் போக வேண்டாம்.

ஆறாவது, ஒத்திகை. நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் பழைய படுக்கை விரிப்பிலோ மலிவான பெலாச்சுத் துணியிலோ ஒருமுறை வெட்டி, பெரிய தையலாக ஓட்டி உடுத்திப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், குனியுங்கள், தொழுகையில் அமர்வது போல் அமருங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே தாளைத் திருத்துங்கள். மேல்நாட்டார் ருக்கூவையும் ஸஜ்தாவையும் கருதித் தாள் வரைவதில்லை. அதை நாம்தான் கருத வேண்டும்.

மூலத் தாளை ஒருபோதும் வெட்டாதீர்கள். மெல்லிய தாளில் படியெடுத்து, படியை வெட்டுங்கள். இன்று உங்களுக்கு 14ஆம் எண் தைத்த அதே தாளில், நாளை உங்கள் மகளுக்கு 10ஆம் எண் தைக்கலாம்.

பின்னலும் குரோஷேயும்

இரண்டு ஊசியால் பின்னும் கம்பளி வேலை நம் வெப்ப நாட்டில் அதிகம் தேவைப்படாது. கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கும், குளிர்காலத்தில் உம்ராவுக்குச் செல்கிறவர்களுக்கும் ஒரு மேலாடை உதவும். பருத்தி நூலால் செய்யும் குரோஷே வேலையோ நமக்கு மிகவும் ஏற்றது. குழந்தைக்குக் காலுறை, வாப்பாவுக்குத் தொப்பி, மேசைக்கு விரிப்பு என்று எத்தனையோ செய்யலாம்.

பின்னல் மாதிரி வாங்குகிறவர் முதலில் அறிய வேண்டியது இழுப்பு. ஒருவர் நூலை இறுக்கிப் பின்னுவார். ஒருவர் தளர்த்திப் பின்னுவார். ஒரு மாதிரியில் 4 அங்குலத்துக்கு 20 கண்ணிகள் என்று போட்டிருந்தால், 200 கண்ணிகள் கொண்ட மேலாடை 40 அங்குலம் இருக்கும். உங்கள் கையில் அதே 4 அங்குலத்துக்கு 22 கண்ணிகள் வந்தால், அந்த மேலாடை 36 அங்குலத்துக்குச் சற்று மேலாகவே முடியும். மாதக்கணக்கான உழைப்பு மூன்றரை அங்குலத்தால் வீணாகும். ஆகவே 4 அங்குலத்துக்குச் சற்றுப் பெரிதாக ஒரு சதுரம் பின்னி எண்ணிப் பாருங்கள். கண்ணிகள் அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கு மாறுங்கள். குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கு மாறுங்கள். ஊசி எண்ணிலும் கவனம் தேவை. 4 மில்லிமீட்டர் பின்னலூசி, பழைய ஆங்கிலக் கணக்கில் 8ஆம் எண். அமெரிக்கக் கணக்கில் 6ஆம் எண். மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

குரோஷே மாதிரியில் இன்னொரு பொறி உண்டு. அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதை ஆங்கிலேயர் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்கர் 'டபுள் குரோஷே' என்பது ஆங்கிலேயருக்கு 'ட்ரெபிள்'. ஒரே பெயர், இரண்டு உயரம்! ஒன்றை மற்றொன்றாக எண்ணிப் பின்னினால் தொப்பி ஒட்டாது, உறை மூடாது. இதை அறிய எளிய வழி ஒன்று சொல்கிறேன். மாதிரியில் எங்கேனும் 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. ஆங்கில முறையில் அந்தப் பெயரே இல்லை.

இனி, தொப்பிக்கு மாதிரி வாங்க வேண்டுமா? பூ வேலையும் கொடி வேலையும் நிறைந்த தொப்பியானால், அந்த வடிவத்துக்காக வாங்கலாம். சாதாரண வெள்ளைத் தொப்பிக்கு வேண்டாம்; கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்னும் குட்டைக் கண்ணியில், முதற் சுற்றில் 6 கண்ணிகள் போடுங்கள். இரண்டாவது சுற்றில் 12, மூன்றாவதில் 18, நான்காவதில் 24 என்று ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணிகள் கூட்டிக்கொண்டே போங்கள். வட்டம் தட்டையாக வளரும். கிண்ணம்போல் குழிந்தால் கூட்டியது போதவில்லை. இலைபோல் நெளிந்தால் கூட்டியது அதிகம். எவ்வளவு பெரிய வட்டம்? தலைச் சுற்றளவு 22 அங்குலமானால், தொப்பி வழுகாமல் நிற்க 1 அங்குலம் குறைத்து 21 என்று கொள்ளுங்கள். அதை 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.7 அங்குலம். வட்டத்தின் குறுக்களவு அந்த அளவுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, அதே எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டே போனால் சுவர் எழும்பும். சுமார் 3 அங்குலம் எழும்பியதும் நூலை முடியுங்கள். எந்தத் தலைக்கும் எந்த நூலுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

லாப நஷ்டக் கணக்கு

ஒரு தாளின் விலை 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஓர் ஆடை தைத்தால், அந்த ஆடைமேல் 20 வெள்ளி பாரம் ஏறுகிறது. ஐந்து ஆடை தைத்தால் ஆடைக்கு 4 வெள்ளி. பத்துத் தைத்தால் 2 வெள்ளி. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 60 வெள்ளித் துணியைத் தாளில்லாமல் வெட்டிப் பாழாக்குகிறவர், 20 வெள்ளியை மிச்சம் பிடித்து 60 வெள்ளியை இழக்கிறார். ஆகவே வாங்குவதற்கு முன் உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆடையில் எனக்கு வெட்டத் தெரியாத வளைவு உண்டா?

இதே தாளில் குறைந்தது மூன்று ஆடையாவது தைப்பேனா?

இது போன்ற மாதிரி என்னிடமோ, பொது நூலகத்துத் தையற் புத்தகத்திலோ ஏற்கெனவே இல்லையா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வாங்குங்கள். ஒன்றுக்காவது 'இல்லை' என்றால் ஒரு நாள் பொறுங்கள். பொறுத்துப் பார்த்தால் பாதித் தாள்கள் தேவையற்றவை என்று தெரிந்துவிடும். உறையின் மேலுள்ள அழகிய படத்தைப் பார்த்து வாங்கிய தாளில் தைத்தவர்கள் குறைவு.

பிறர் உழைப்பின் ஹக்கு

முடிப்பதற்கு முன் ஒரு விஷயம். நம் வகுப்புகளில் ஒருவர் விலைக்கு வாங்கிய கணினித் தாளை மற்றவர்கள் கேட்டு வாங்கி, கைப்பேசிக் குழுக்களில் பரப்பிவிடுகிறார்கள். "இது சகோதரிகளுக்குச் செய்யும் உதவிதானே" என்றும் சொல்கிறார்கள். உதவி செய்வது நல்ல காரியமே. ஆனால் பிறர் பொருளை எடுத்து உதவுவது உதவியாகாது. அந்தத் தாளை வரைந்தவரும் பெரும்பாலும் நம்மைப்போல் வீட்டிலிருந்து பிழைக்கும் ஒரு பெண்தான்.

1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாதமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை முதலியவை மார்க்கம் பாதுகாக்கும் உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்றும் தீர்மானித்தது. உழைத்தவருக்குக் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டுமென்று கற்ற சமுதாயம் நாம். பெருநாள் உடுப்பின் தையலில் பிறர் ஹக்கு ஒளிந்திருக்கலாகாது. இலவசமாகவே மாதிரி தருகிறவர்கள் ஏராளம். அவர்களுடையதைத் தாராளமாகப் பகிருங்கள். விலைக்கு விற்கிறவரின் தாளை வாங்கியவர் மட்டும் உபயோகிக்கட்டும். தைத்த ஆடையை விற்கலாமா என்பதையும் தாளிலுள்ள நிபந்தனையைப் படித்து அறிந்துகொள்ளுங்கள். தையலை வருமானமாகக் கொண்டவர்களுக்கு இது மிகவும் அவசியம். வருமானம் ஹலாலாக இருந்தால்தான் பரக்கத் நிற்கும்.

இம்மாதப் பயிற்சி

ஒன்று: உங்கள் மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் ஆகிய அளவுகளை இன்றே எடுத்து, தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை மறுபடி அளந்து எழுதுங்கள்.

இரண்டு: உங்கள் அளவை வைத்து, ஒரு பெசாக்கின் அகலத்தைக் கணக்கிட்டுச் செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள்.

மூன்று: அலமாரியில் தூங்கும் மாதிரித் தாள்களை எடுத்து எண்ணுங்கள். தைத்தவை எத்தனை, தைக்காதவை எத்தனை என்று பிரித்துவையுங்கள். அடுத்த தாள் வாங்குவதற்கு முன் தைக்காதவற்றில் ஒன்றையாவது தைத்து முடிப்பதாக நிய்யத் செய்யுங்கள்.

கண் கலங்கிய அந்தச் சகோதரியின் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். பக்கத் தையல்களை முழுவதும் பிரித்தோம். பாவாடைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய துணியில் நான்கு நீண்ட துண்டுகள் எடுத்தோம். பாஜு கூரோங்கின் பெசாக்கைப் போல மேலே குறுகிக் கீழே விரியும்படி அவற்றை வெட்டி, இரு பக்கங்களிலும் வைத்துத் தைத்தோம். அக்குளில் உள்ளங்கையளவு சதுரம் ஒவ்வொன்று சேர்த்தோம். மேல்நாட்டுத் தாளில் தொடங்கிய ஆடை நம் ஊர் முறையில் முடிந்தது. இணைத்த இடம் தெரியத்தான் செய்தது. அதன்மேல் மெல்லிய சரிகை நாடா ஒன்றை வைத்ததும் வேண்டுமென்றே செய்த வேலைபோல் ஆயிற்று.

நிக்காஹ் முடிந்து துஆவுக்காக எல்லாரும் கையேந்தியபோது அவரும் கையேந்தினார். தையல் பிரியவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தவர், முதற் காரியமாக அளவு நாடாவைக் கேட்டு வாங்கித் தம்மை அளந்து எழுதிக்கொண்டார்.

நம் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.